சாலமன் குடிக்கவில்லை

சாலமன் போய்விட்டான் என்று அவன் மனைவி ஸ்டெல்லா போன் செய்தபோது நான் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். கியர்பாக்ஸின் கடைசி போல்ட்டில் ஸ்பானர் மாட்டியிருந்தது. "சேகர் அண்ணா, அவரு போயிட்டாருண்ணா. பத்து நிமிஷம் ஆகுது" என்றாள். நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "ரெண்டு நிமிஷத்துல கூப்பிடறேம்மா, கையில வேலையா இருக்கேன்." இருபத்தாறு வருஷம் ஒரே ஷெட்டில் என்னோடு நின்றவன் செத்த செய்திக்கு அதுதான் என் வாயில் வந்தது. சீ என்று ஆகிவிட்டது. போல்ட்டைத் திரும்ப முறுக்கிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஊரப்பாக்கத்தில் அவன் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு நடந்தார்கள். "நல்ல மனுஷன்தான். திரும்பக் குடிக்காம இருந்திருந்தா இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பாரு" என்றார் ஒருவர். மற்றவர் "ஆமா" என்றார். நான் நின்றுவிட்டேன். அவர்களைக் கூப்பிட்டு மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. சபை மடலில் சாலமனைப் பற்றி எழுதித் தரும்படி போதகர் கேட்டபோதும் முதலில் முடியாது என்றேன். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் இல்லை, எழுத்தும் என் தொழில் இல்லை. பிறகு ஒப்புக்கொண்டேன். சாலமன் குடித்தான் என்ற பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான். அதைத் துடைக்க வேண்டியவனும் நான்தானே.

எங்கள் ஷெட் சானடோரியத்திலிருந்து சிட்லபாக்கம் போகும் வழியில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். சாலமன் வண்டியை ஓட்டிப் பார்த்து நோயைச் சொல்வான், நான் கழற்றுவேன். பழைய வண்டிகளின் கிளட்ச்தான் எங்களுக்கு முக்கால்வாசிச் சோறு போட்டது. எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிடுவான். வெறும் இடது காலை பெடலில் வைத்து, கண்ணை மூடாத குறையாக, மெதுவாக மிதித்து மெதுவாக விடுவான். "தோலுக்கும் பெடலுக்கும் நடுவுல எதுவும் கூடாது மச்சான்" என்பான். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, நடுங்குகிறதா, வழுக்குகிறதா, எல்லாம் அந்தப் பாதத்துக்குத் தெரியும். ஷெட்டுக்குள்ளும் நாள் முழுக்க வெறுங்கால்தான். எத்தனை முறை திட்டினாலும் சிரித்துவிட்டுப் போவான்.

ஒருமுறை பள்ளிக்கரணையிலிருந்து ஒருவர் வந்தார். கார் மேம்பாலம் ஏறமாட்டேன் என்கிறது, எஞ்சின் போய்விட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மனிதர் அழாத குறை. சாலமன் ஏறி உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தான், மூன்றாவது கியர் போட்டான், கிளட்ச்சை விட்டான். நல்ல கிளட்ச்சாக இருந்தால் அந்த இடத்திலேயே எஞ்சின் திணறி நின்றுபோக வேண்டும். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. "எஞ்சின் நல்லாத்தான் கத்துது சார். சக்கரத்துக்குத்தான் காது கேக்கல" என்றான். கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். பிளேட் போச்சு என்று நான் ஸ்பானரை எடுத்துவிட்டேன். "இன்னா அவசரம் உனக்கு? கியர்பாக்ஸ எறக்குறது கடைசி வேலை மச்சான்" என்று தடுத்தான். கட்டைவிரலால் பெடலைத் தொட்டுப் பார்த்தான். கேபிளை யாரோ அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியிருந்ததால், காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்தபடியே இருந்திருக்கிறது. நட்டை நாலு சுற்றுத் தளர்த்தினான். திரும்பவும் ஹேண்ட்பிரேக், மூன்றாவது கியர். வண்டி ஒரு உதறு உதறி நின்றது. பள்ளிக்கரணைக்காரர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஆரம்ப வருஷங்களில் அவன் சொன்னதை நானும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கழற்றுவேன். "பாத்துக்கோ, நீதான் ஜட்ஜு" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஒரு தடவையாவது தப்பியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். தப்பவே இல்லை. பிறகு சோதிப்பதை விட்டுவிட்டேன். அவன் இறக்கு என்றால் இறக்குவேன்.

போன வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால், சிட்லபாக்கத்து விமலா மேடம் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்துகிறது என்றார். சாலமன் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தான். இறங்காமலேயே உட்கார்ந்திருந்தான். "பெடல் காத்த மிதிக்கிற மாதிரி கீது. உள்ள எல்லாம் போச்சு. எறக்கு" என்றான். இறக்குவது கடைசி வேலை என்று சொன்ன வாய் எடுத்த எடுப்பிலேயே அப்படிச் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. மதியச் சாப்பாடுகூட இல்லாமல் தனி ஆளாக கியர்பாக்ஸை இறக்கினேன். பிளேட் புதுசு போல இருந்தது. பேரிங் நன்றாக இருந்தது. உள்ளே ஒரு குறையும் இல்லை. கடைசியில் பார்த்தால் கேபிள் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சாலமனுக்கு அது இரண்டு நிமிஷ வேலை.

எனக்கு வந்ததே கோபம்! விமலா மேடம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "காலையிலயே ஊத்திக்கினு வந்தியாடா? அதான் காத்தாத் தெரியுதா?" என்று கத்தினேன். சாலமன் குடியை நிறுத்திப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. சபை முன்னால் எழுந்து நின்று சத்தியம் செய்து குடியை விட்டவன், உங்களுக்கு நினைவிருக்கும். அவன் பதிலுக்கு என்மேல் பாய்வான் என்றுதான் நினைத்தேன். அவன் தன் காலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "ஆமா மச்சான். கொஞ்சம்" என்றான்.

அன்று சாயங்காலமே நான் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். பெரிய மனுஷத்தனம்! அவள் நம்பவில்லை. "இருக்காதுண்ணா. நீங்க பாத்தீங்களா? வாசனை வந்துச்சா?" என்று கேட்டாள். "வந்துச்சும்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவனே ஒப்புக்கொண்டான் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் நானே கண்டுபிடித்ததாக இருக்கட்டும் என்று ஓர் அற்ப ஆசை. ஒரு நாளாவது நோயைக் கண்டுபிடித்துச் சொன்னவனாக நான் இருக்க வேண்டும் போலிருந்தது.

பேச்சு சபைவரை வந்துவிட்டது. அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேத பாடம் வாசித்துக்கொண்டிருந்தவனை நிறுத்தினீர்கள். கணீரென்ற அந்தக் குரல் பின் வரிசைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அவன் தலையில் கை வைத்து, இந்தப் பாவத்திலிருந்து இவரை விடுவியும் என்று கேட்டீர்கள். அவனும் முழங்காலில் நின்று ஆமென் சொன்னானாம். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஸ்டெல்லா மூன்று மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிறிஸ்துமஸ் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். ஷெட்டின் சிமென்ட் தரையில் ஈரமாக ஏதோ கறை, இடம் விட்டு இடம் விட்டு. ஆயில் ஒழுகுகிறது என்று நினைத்துக் குனிந்து தொட்டேன். ரத்தம். அவன் நடந்துகொண்டே இருக்கிறான்! "டேய், நில்லு. கால்ல இன்னா?" என்றேன். "தெரிலயே" என்றான். உட்கார வைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். பழைய பிளேட்டிலிருந்து உதிர்ந்த ரிவிட் ஒன்று குதிகாலில் முழுசாக இறங்கியிருந்தது. எப்போது ஏறியதோ, சுற்றிலும் கறுத்துப் போயிருந்தது. குறடு போட்டுப் பிடுங்கினேன். அவன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வலிக்கிறதா என்பதை என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

"எப்பத்திலருந்து இப்படி?"

"விமலா மேடம் வண்டிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே. பஞ்சு மேல நிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் அதுவும் இல்ல. சுகராலதான்னு நெனக்கிறேன்."

"அன்னிக்குக் குடிச்சேன்னு ஏண்டா சொன்ன?"

"காலு செத்துப்போச்சுன்னு சொன்னா நீ வேற ஆளப் பாத்துக்குவ. குடின்னா திட்டிட்டு விட்ருவ மச்சான்" என்றான்.

அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஸ்டெல்லாவிடம் காலைப் பற்றிச் சொன்னேன். குடிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. சொன்னால், வாசனை வந்தது என்றீர்களே அண்ணா என்று கேட்பாளே! பொங்கலுக்குப் பிறகு முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நாலைந்து மாசம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த நாலைந்து மாசமும் அவன் என் கண் முன்னால்தான் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான். குடி உண்டா என்று டாக்டர் கேட்டார். "விட்டிருந்தாரு டாக்டர், திரும்ப ஆரம்பிச்சிட்டாரு" என்று ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சாலமன் என்னைப் பார்த்தான். நான் மேலே தொங்கிய மருந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவன் ஷெட்டுக்கு வரவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் வண்டிகளைப் பற்றி மட்டும் கேட்பான். நானும் வண்டிகளைப் பற்றி மட்டும் சொல்வேன். கடைசி இரண்டு வாரம் அதுவும் கேட்கவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போய்த் திரும்பிய நாட்கள் எத்தனையோ. பிறகு புண் காய்ச்சலாகி, காய்ச்சல் நெஞ்சுக்கு ஏறி, எல்லாம் முடிந்தது.

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஸ்டெல்லா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கணும்ணா. ஆஸ்பத்திரியில ஒரு நாள் அவர்கிட்டயே கேட்டேன். குடிச்சியா இல்லியா, சாமி மேல ஆணையாச் சொல்லுன்னு. சேகர் அண்ணனுக்கே வாசனை வந்துச்சாமேன்னும் சொன்னேன். அதுக்கு, 'சேகர் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாரு. எனக்கு என்னமோ மனசு ஒப்பலண்ணா. நெஜமாவே வாசனை வந்துச்சா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பதிலை இங்கே எழுதுகிறேன். வாசனை வரவில்லை ஸ்டெல்லா. நான் அவன் பக்கத்தில்கூடப் போகவில்லை. உன் புருஷன் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் செய்த சத்தியத்தைக் கடைசி மூச்சுவரை காப்பாற்றினான். நான் பொய் சொன்னேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைப் படித்த பிறகு நீ என்னை வீட்டு வாசல் ஏற்றமாட்டாய். ஏற்ற வேண்டாம். அவனுடைய ஸ்பானர்களை நேற்று உன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவனுடையது என்று என்னிடம் இனி இருப்பது ஒன்றே ஒன்றுதான்: 'சேகர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.'