மாமன் வந்த லாரி

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் எடைமேடையில் நான் கணினி வேலை பார்த்த காலத்தில், ஒவ்வொரு லாரிக்கும் ஒரு முகம் இருந்தது. இப்போது கண்ணாடியில் ஒட்டிய அட்டையைக் கருவியே படித்துக்கொள்கிறது, டிரைவர் இறங்கவே வேண்டாம். நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனாலும் என் ஜன்னலில் கை ஊன்றி, "பாப்பா, சீக்கிரம் போட்டு வுடு" என்று நச்சரித்த அந்தக் குரல்களுக்கு மனம் ஏங்கத்தான் செய்கிறது.

ஒரு விஜயதசமி காலை. பெரம்பலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருந்தேன். அன்றைய முதல் வண்டியாக, காரைக்காலிலிருந்து கரி ஏற்றி வந்த லாரி ஒன்று மேடையில் ஏறியது. டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். வண்டி எண்ணைத் தட்டினேன். இப்படி ஒரு வண்டி உள்ளே வரவே இல்லை என்றது கணினி. மேடையே அதிர அது என் எதிரில் நின்றுகொண்டிருந்தது! மறுபடி தட்டினேன், மறுபடியும் அதே பதில். வாசல் செக்யூரிட்டிக்குப் போன் போட்டேன்.

"பதிஞ்சிட்டேம்மா, என் கண்ணு முன்னாடி இருக்கு" என்றார் அவர்.

டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தா.பழூரில் அன்று அவருடைய தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் அவர். மாற்று டிரைவர் பைக்கோடு மேடைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார். எடைச்சீட்டு வரும்வரை வண்டியைக் கொண்டுவந்தவர்தான் அதில் இருக்க வேண்டும் என்பது ஆலையின் சட்டம். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அவருடைய போனும் விடாமல் அடித்தது.

"நேரம் போவுதுன்னு பெரியப்பா மவன் மடியில வெக்கப் பாக்குறாங்க பாப்பா. அவனும் மாமன்தானேங்கிறாங்க. அவனும் நானும் ஒண்ணா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து வாசலுக்கே ஓடினேன்.

செக்யூரிட்டியின் மேசையில் முந்தின நாள் ஆயுதபூஜை அப்படியே இருந்தது. கீபோர்டு முழுக்கச் சந்தனம், குங்குமம். திரையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. காலையிலிருந்து வந்த வண்டி எண்கள் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில் இருந்தன. வருஷம் பூராவும் அணைக்காத கணினியைப் பூஜைக்காக அணைத்திருக்கிறார்கள். திரும்பப் போட்டபோது 'கேப்ஸ் லாக்' என்கிற பெரிய எழுத்துப் பொத்தான் தானாக விடுபட்டிருக்கிறது. அது எரிகிறதா என்று காட்டும் சின்ன விளக்கின் மேல் கட்டிச் சந்தனம். எடைமேடையில் நானோ பழக்க தோஷத்தில் பெரிய எழுத்திலேயே தட்டிக்கொண்டிருந்தேன். நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. கணினிக்கு இது யாரோ, அது யாரோ.

திரும்பி ஓடி வந்து சின்ன எழுத்தில் தட்டினேன். வண்டி வந்துவிட்டது. சீட்டு முழுதாக அச்சாகும் முன்பே அதைக் கிழித்துக்கொண்டு டிரைவர் ஓடினார். "போயிட்டு வரேன் பாப்பா" என்றது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாளே மென்பொருள் எழுதிய சென்னைக்காரரைப் போனில் பிடித்தேன். வாசலில் பதியும் எண்ணையும் மேடையில் தட்டும் எண்ணையும் ஒப்பிடுவதற்கு முன் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ளும்படி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு அவசரம்?" என்று சிரித்தார். காதுகுத்துக் கதையை அவரிடம் சொல்லி ஆகப்போவது என்ன? எழுதி முடிக்கும் வரை போனை வைக்காமல் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அந்த லாரி மறுபடி மேடை ஏறியது. எண்ணைத் தட்டக்கூட இல்லை, ஜன்னலைத் திறந்து, "என்னண்ணே, காது குத்தியாச்சா?" என்றேன்.

"நல்ல நேரம் தாண்டித்தான் போய்ச் சேந்தேன் பாப்பா. சம்பந்தி வூட்டுல ஒரே சத்தம். தங்கச்சி புள்ளய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா, யாருகிட்டயும் குடுக்கல. நான் போனதும் தூக்கி என் மடியில வெச்சா."

"புள்ள ரொம்ப அழுதுச்சா?"

"புள்ள எங்க அழுதுச்சு?" என்று கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாந்தான் அழுதேன்."