ஒரு ட்ரவுட் மீனின் வெளிக்கோடு

பெரிய ட்ரவுட் மீனைப் பிடித்தவர்கள் அதைப் பிடித்ததாக உலகத்துக்கு நிரூபிக்க நான்கு வழிகளை வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் மீனின் தோலை உரித்து, உள்ளே பஞ்சும் மரத்தூளும் அடைத்து, மேலே வர்ணம் பூசிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். நுவரெலியாவில் நான் பார்த்த அத்தகைய மீன்கள் எல்லாவற்றிலும் ஓய்வூதியம் தாமதமான ஒருவரின் பார்வை இருந்தது. இரண்டாவது வழி புகைப்படம். கைகளைக் கமராவை நோக்கி நன்றாக முன்னே நீட்டினால் மீன் அரை அடி வளரும். மூன்றாவது, மீன்பிடிக் கிளப்பின் பதிவேடு. அதில் எடையை எழுதுவார்கள், வேறொன்றும் எழுதமாட்டார்கள்.

நான்காவது வழியைத்தான் நான் கைக்கொண்டேன். மீனைக் காகிதத்தில் கிடத்தி, பென்சிலால் அதைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்குள் நீளம், எடை, தூண்டிலில் இரையாகக் கட்டிய இறகாலான பொய்ப்பூச்சியின் பெயர், நீரின் ஆழம், நேரம், வானிலை எல்லாம் எழுதி, கீழே ஒரு சாட்சியிடம் கையொப்பம் வாங்க வேண்டும். அளவு அப்படியே இருக்கும். பொய் சொல்ல இடமில்லை.

நான் நுவரெலியாக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்த காலத்தில் ஒரே ஒரு பெரிய மீன் பிடித்தேன். இருபத்துமூன்று அங்குலம், நாலே முக்கால் இறாத்தல். குவாட்டர்ஸுக்குக் கொண்டுவந்து, அலுவலகப் பார்சல் சுற்றி வந்த பழுப்புத் தாளைச் சமையலறை மேசையில் விரித்து, மீனை அதன்மேல் வைத்தேன். என் கை நடுங்கியது. மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

“இப்பிடி நடுங்கினா இன்னும் ரெண்டு அங்குலம் கூடிப்போகும். தாங்கோ பென்சிலை.”

அவள் வாலிலிருந்து தொடங்கி நிதானமாகக் கோடு இழுத்தாள். முதுகுப் பக்கம் வரும்போது, செத்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்த மீன் ஒருமுறை துள்ளியது. பென்சிலும் துள்ளியது. முதுகில் ஒரு சிறு மேடு விழுந்துவிட்டது. அழிறப்பர் தேடப் போன என்னை அவள் தடுத்தாள்.

“அது தானாச் செய்தது. இருக்கட்டும்.”

சாட்சியாகவும் அவளே கையெழுத்து வைத்தாள். மனைவியின் சாட்சி செல்லாது என்று கிளப்பின் செயலாளர் பிறகு எனக்கு விளக்கினார். விதியை நானும் படித்திருந்தேன். சரியாகத்தான் சொன்னார். மீனை இரண்டு நாள் பொரித்தும் குழம்பு வைத்தும் சாப்பிட்டோம்.

பிறகு கொழும்புக்கு மாற்றம் கிடைத்தது. வெள்ளவத்தையில் வீடு எடுத்தோம். தமிழருக்கு எதிரான கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. கல்யாண அல்பம், அவளுடைய கடிதங்கள், எங்கள் நுவரெலியா வருடங்களின் ஒவ்வொரு துண்டுக் காகிதமும் அதோடு போயிற்று. இந்தத் தாள் மட்டும் தப்பியது. என் மேலதிகாரி இருபத்துமூன்று அங்குலத்தை நம்ப மறுத்ததால், அவருக்குக் காட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்திருந்தேன். ஒரு மனிதனின் அவநம்பிக்கையால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

நான் ஓய்வு பெற்ற சில வருடங்களில் மனைவியும் களுபோவில ஆஸ்பத்திரியில் இறந்தாள். மகள் கனடாவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுத்து, சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா என்று கேட்பாள். நான் ஒரு சந்தில் இருந்த வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தேன். மனைவியின் பிற்காலப் படங்கள் என்னிடம் இருந்தன. அவற்றில் அவள் கமராவுக்காக நின்றுகொண்டிருப்பாள். அந்தத் தாளில் மட்டும் அவள் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தாள். மாதத்தில் ஒரு தடவை அதை விரித்து, நான்கு மூலைகளிலும் புத்தகங்களை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தமிழர் வீடுகளில் தேடுதல் என்பது குடிநீர்க் கட்டணப் பட்டியல் வருவதுபோல் ஒழுங்காக வந்தது. என் கதவுக்குப் பின்னால் பொலிஸ் பதிவுத் துண்டு, அடையாள அட்டையின் பிரதி, ஓய்வூதிய அட்டையின் பிரதி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே கோப்பில் தொங்கும். தேட வருபவர்களிடம் அவர்கள் கேட்கும் வரிசையிலேயே எடுத்து நீட்டுவேன். சிலர் சலூட் அடிக்காத குறையாகப் போவார்கள்.

அன்று காலை வந்த சார்ஜன் அலுமாரியின் மேலிருந்த அட்டைக் குழாயைப் பார்த்தார். தாளை உருவி விரித்தார். இரண்டு பக்கமும் கூர்த்த நீளமான ஏதோ ஒன்று. உள்ளே ஆங்கிலத்தில் அங்குலம், எடை, நீரின் ஆழம், நேரம்.

“மேக்க மொகத்த, மாத்தயா?” என்று கேட்டார். இது என்ன, ஐயா என்று.

“மாலுவெக்,” என்றேன். மீன்.

“மீனுக்கு எதற்கு நேரம்?” என்று அவர் சிங்களத்தில் கேட்டது நியாயமான கேள்விதான். நான் ட்ரவுட் பிடிப்பவர்களின் வழக்கத்தைச் சுருக்கமாக விளக்கினேன். சுருக்கம் என்னிடம் பத்து நிமிடம் ஆகும். பின்னால் நின்ற சிப்பாய் கொட்டாவி விட்டான்.

“எனக்கு விளங்குகிறது,” என்றார் சார்ஜன். “ஆனால் தண்ணீருக்கடியில் போகும் ஏதோ ஒன்றின் வரைபடத்தை நான் பார்த்தும் விட்டுவிட்டு வந்தேன் என்று யாராவது சொன்னால் என் வேலை போய்விடும். நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.க்குக் காட்டிவிட்டு என் கதிரைக்குப் பின்னால் வைத்திருப்பேன். நாளைக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.”

“ரசீது?”

“மீனுக்கா?” என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் பருத்தித்துறைப் பக்கத்து மனிதர், பெற்றாக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். மறுநாள் மேலே ஏறிவந்தவர், நான் தட்டச்சு இயந்திரத்தைத் துடைப்பதைப் பார்த்தார்.

“அண்ணை, அவன் வரச் சொன்னவன்தானே. சும்மா போய் வாங்கிக்கொண்டு வாங்கோவன்.”

“வாய்ப்பேச்சிலை அரசாங்கம் நடக்கிறதில்லை.”

“நீங்கள் இப்ப அரசாங்கம் இல்லையே.”

நான் தலைப்பை அடித்துக்கொண்டிருந்தேன்: ‘கைப்பற்றப்பட்ட ஆவணம் ஒன்றை மீளப் பெறுதல்’. மூன்று பந்திகள், மூன்று பிரதிகள், சிங்கள மொழிபெயர்ப்பு வேறு. அடியில் ஒரு வரி சேர்த்தேன்: பிரதி, பொலிஸ் அத்தியட்சருக்கு, தகவலுக்காக. முப்பத்துநாலு வருட உத்தியோகத்தில் அந்த வரி இல்லாமல் நான் ஒரு கடிதமும் அனுப்பியதில்லை. மேலே ஒரு பிரதி போனால் கீழே வேலை நடக்கும் என்பது என் நம்பிக்கை.

அந்தக் கடிதம் போகும்வரை எதுவும் கைப்பற்றப்படவில்லை. ஒரு சார்ஜனின் கதிரைக்குப் பின்னால் ஒரு சுருள் தாள் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆவணம் என்றும் கைப்பற்றல் என்றும் பெயர் வைத்தவன் நான். அத்தியட்சர் அலுவலகத்திலிருந்து ‘அறிக்கை தரவும்’ என்று குறிப்பு இறங்கியது. சார்ஜன் தாளைப் புத்தகத்தில் பதிய வேண்டியதாயிற்று. பதிந்ததற்குக் கோப்பு திறந்தார்கள். கோப்பு திறந்தால் விசாரிக்க வேண்டும்.

நான் போய்க் கேட்டபோது சார்ஜன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நாளைக்கு வாருங்கள் என்றுதானே சொன்னேன், மாத்தயா,” என்றார். கோபமில்லை, களைப்புத்தான்.

எட்டு மாதம் போனது. நான் நினைவூட்டற் கடிதங்கள் அனுப்பினேன். ஒவ்வொன்றும் கோப்பைத் தடிப்பாக்கியது. கடைசியில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஓ.ஐ.சி. மாறியிருந்தார். புதியவர் கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர். மீன்களைப் பற்றித் தெரிந்த ஓர் அரசாங்க அலுவலரிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். பதில் ஒரு வரி: இது ஒரு மீனின் வெளிக்கோடு, இனத்தை உறுதிப்படுத்த முடியாது.

“ஆக, உங்கள் மீது ஒன்றும் இல்லை, சேர்,” என்றார். “ஆனால் மூலம் கோப்பில் பக்க இலக்கம் பெற்றுவிட்டது. அதைக் கழற்றித் தர எனக்கு அதிகாரமில்லை. போட்டோப் பிரதி எடுத்து, உறுதிப்படுத்தி வைத்திருக்கிறோம்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. கோப்பிலிருந்து ஒரு பக்கத்தைக் கழற்றியதற்காக நானே ஒரு கிளார்க்கின் சம்பள உயர்வை நிறுத்தியிருக்கிறேன். அவர் நீட்டிய பிரதியில் மீன் சாதாரணத் தாளுக்குள் அடங்கும்படி சுருங்கியிருந்தது. அரை அடிக்குச் சற்றுக் கூட. முதுகில் இருந்த மேடு அச்சின் அழுக்குப்போல் தெரிந்தது.

“மூலத்தை ஒருமுறை பார்க்கலாமா?”

கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். தாளை நான்காக மடித்து இரண்டு துளைகள் போட்டிருந்தார்கள். ஒன்று வால் பக்கம், மற்றது அவளுடைய கையொப்பத்துக்கு ஒரு விரல் தள்ளி. நான் மடிப்பை விரித்தேன். அந்த நேரம் வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

“ஒரு நிமிடம், சேர்,” என்று எழுந்து போனார்.

அறையில் நான் மட்டும். கோப்பைக் கட்டியிருந்தது சாதாரண வெள்ளை நாடா. முடிச்சை அவிழ்த்து, தாளை எடுத்துச் சட்டைக்குள் வைத்து, பிரதியை அதே இலக்கத்தில் கோத்து, முடிச்சைப் போட எனக்கு அரை நிமிடம் போதும். அந்த முடிச்சை என்னைவிட வேகமாகப் போடக்கூடியவர் அந்தக் கட்டிடத்தில் இருந்திருக்க மாட்டார். வாசலில் என்னைச் சோதிக்கவும் மாட்டார்கள். போகும்போது யாரும் சோதிப்பதில்லை.

நாடாவில் கை வைத்தேன். அவிழ்க்கவில்லை. பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பயம் இல்லை. என் விரல்களுக்கு அது பழக்கமில்லை. பென்சில் கோட்டை வாலிலிருந்து முதுகுவரை ஒருமுறை தடவிப் பார்த்தேன். பிறகு மடித்து, பக்கங்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பிரதியைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டேன்.

வீட்டுக்காரர் கேற்றில் நின்றார்.

“கிடைச்சுதோ அண்ணை?”

“ஓம்.”

“நான் சொன்னனான்தானே, கடைசியிலை தருவாங்கள் எண்டு. மேலை விரிச்சுப் பாத்துக்கொண்டிருங்கோ, தேத்தண்ணி அனுப்பிவிடுறன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ரெலிபோனில் கேட்டபோதும் ஓம் என்றேன். அம்மா கீறின மீனை எனக்கு ஒரு கொப்பி எடுத்து அனுப்புங்கோ அப்பா என்றாள். என்னிடம் இருந்த கொப்பியை அனுப்பினேன். மீன் சின்னனா இருக்கே என்று அடுத்த கிழமை சொன்னாள்.

வழக்கு இல்லாத கோப்புகளை ஒரு நிலையம் எத்தனை வருடம் வைத்திருக்கும், பிறகு யார் கையொப்பமிட்டு, எந்தப் பட்டியலில் எழுதி, எரிப்பதற்கு அனுப்புவார் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தவணை முடிந்த வருடத்தில் ஒருநாள் காலை முழுவதும் மேல்மாடி ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். மூலத்தைக் கேட்டு அதுவரை அனுப்பிவந்த நினைவூட்டற் கடிதத்தை அதற்குப் பிறகு அந்த நிலையத்துக்கு நான் அனுப்பவில்லை.