ஒரு துப்பாக்கி மட்டும் சரியாகவில்லை

விருத்தாசலத்தில் எங்கள் அத்தாவைப் போல வேலை தெரிந்தவர் ஒருவர் இருந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கே சொன்னாலும் தப்பில்லை. இப்போது என் பிள்ளைகள் துபாயில். இந்த வீட்டில் என் குரலை நானேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டுமே.

பட்டாளத்தில் பழைய ரைஃபிள்களைச் சரிசெய்வது அத்தாவின் வேலை. அம்மா மௌத்தான பிறகு, என்னைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வடக்கே போய்விட்டார். அந்தக் குப்பிதான் என்னை வளர்த்தார். அத்தா வருஷத்துக்கொரு முறை வருவார். அதற்குள் அவர் முகம் எனக்கு மறந்துபோகும்.

ஒரு வருஷம் லீவில்லாமலே வந்தார். எங்கள் ஊர் ஹைஸ்கூலில் பையன்கள் கவாத்துப் பழகும் துப்பாக்கிகள், பழைய யுத்தத்தில் அடிபட்டவை, தேய்ந்துபோயிருந்தன. அவற்றைச் சரிசெய்ய அவரையே அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்த மறுநாள் ரயிலேற வேண்டும் என்பது உத்தரவு.

எனக்குப் படிப்பு ஏறவில்லை, ஸ்கூலை விட்டிருந்தேன். தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். விளிம்பு கோணியதென்று பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட தொட்டி ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போல்ட்டுகளை ஊறவைத்திருப்பார். போல்ட்டு என்பது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கிற இரும்பு. அதன் தலை தேய்ந்தால் இடைவெளி விழும். சுடுகிறவன் முகத்துக்கே ஆபத்து. அத்தா சின்ன அளவுத்துண்டு ஒன்றை உள்ளே வைத்துப் போல்ட்டை மூடிப் பார்ப்பார். மூடிக்கொண்டால் தேய்ந்தது. தலையைத் திருகிக் கழற்றி, ஒரு நூல் நீளமான வேறு தலையைப் போடுவார். மூடாமல் முட்டி நின்றால் “ம்” என்று துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்துவிடுவார். சுவரோர வரிசை நீள நீள எனக்குச் சோறு இறங்காது.

கடைசியில் ஒன்றுதான் மிச்சம். புதுத் தலையைப் போட்டார், அளவுத்துண்டை வைத்தார், முட்டி நின்றது. அத்தா “ம்” சொல்லவில்லை. துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புதுத் தலையைக் கழற்றிவிட்டு, தேய்ந்ததையே மறுபடி திருகி மாட்டினார்.

“அத்தா, பழச போட்டுட்டீங்க.”

“தெரியும். சோத்த எடு.”

மறுநாள் வேலையைப் பார்வையிடக் கடலூரிலிருந்து பட்டாளத்துச் சுபேதார் ஒருவர் வந்தார். அந்தத் துப்பாக்கியை எடுத்து, அளவுத்துண்டை வைத்து அவரே சோதித்தார். போல்ட்டு சுகமாக மூடிக்கொண்டது.

“என்ன பாய், எல்லாத்தையும் முடிச்சிட்டு இந்த ஒன்னுகிட்ட தோத்துட்டீங்களாக்கும்?”

“புடிபட மாட்டேங்குது சார். இன்னும் கொஞ்ச நாளு வேணும்.”

“வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க. பெரிய கைக்காரருன்னுல்ல ஒங்கள அனுப்பி வச்சாங்க!”

கூட நின்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “எங்கத்தா நேத்தே...” என்று ஆரம்பித்தேன்.

“போயி சாருக்கு டீ சொல்லிட்டு வா!” என்று அத்தா அதட்டினார். என்னை அவர் அதட்டியது அந்த ஒரு முறைதான்.

வீட்டுக்குப் போய்க் குப்பியிடம் அழுதேன். “புடிபடலன்னா சொன்னான்? அவன் வாயாலயா?” என்று கேட்டுவிட்டு, குப்பி முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகும் சில நாள் அத்தா இருந்தார். மத்தியானத்தில் மீனுக்கு முள் எடுத்து என் பக்கம் தள்ளிவைப்பார். எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு என் சடையைப் பிரித்துக் கோணல்மாணலாகப் பின்னிவிடுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். சடை பின்ன இவ்வளவு நேரம் இருக்கிறவருக்கு, அந்தப் போல்ட்டுத் தலையை மாற்றிவிட்டு அவர்கள் வாயை அடைத்தால் என்ன என்று எனக்கு அப்போது அவ்வளவு கோபம்.