சர்வேயரம்மாவின் பதினோரு புள்ளிகள்

வேங்கிக்கால் சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் வரப்புத் தகராறு என்றாலும் உண்ணாமலை வந்து அளந்தால்தான் அடங்கும். சர்வேயரம்மா என்றால் அப்படி ஒரு பேர். நாலு வருஷத்துக்கு முன்னால் இடது கால் மரத்துப்போய் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கிற நோய். ஊசியும் போட்டுக்கொண்டு, சூடு ஏறினால் கால் தளரும் என்பதால் வெயில் ஏறுவதற்குள் அளந்து முடித்துவிட்டு வந்துவிடுவாள். வேலையை மட்டும் விடவில்லை. அதுதான் அவளுக்கு உசுரு.

வருஷா வருஷம் மூளையை ஸ்கேன் எடுக்கணும். இந்தத் தடவை ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையே போனுக்கு வந்துவிட்டது. டாக்டரைப் பார்ப்பதோ திங்கட்கிழமை. சும்மா இருப்பாளா மனுஷி? பழைய ரிப்போர்ட்டையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோய் அரித்த இடத்தைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகளை எண்ணினாள். போன வருஷம் ஒன்பது புள்ளி. இப்போது பதினொன்று.

"ரெண்டு ஜாஸ்தியாயிடுச்சுங்க," என்றாள் கணவன் குமரேசனிடம். "இனிமே நான் வயல்ல நிக்க முடியாது. ஆபீஸ்லயே உக்கார்ற வேலையா கேக்கப் போறேன்."

"இரு, டாக்டர் சொல்லட்டும்."

"ஏன், எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று பாய்ந்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் அன்புச்செல்வி ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "கால் எப்படி இருக்கு? பார்வை?" என்றுதான் முதலில் கேட்டார்.

"போன வருஷம் மாதிரியேதான் மேடம். ஆனா புள்ளி..."

"போன வருஷம் வேற சென்டர்ல எடுத்தீங்கம்மா. அங்க அஞ்சு மில்லிமீட்டருக்கு ஒரு படம். இங்க ஒரு மில்லிமீட்டருக்கு ஒண்ணு. ரெண்டு படத்துக்கு நடுவுல இருந்த சின்னப் புள்ளி பழசுல விழாமப் போயிருக்கலாம்." பழைய படத்தைத் திரையில் பெரிதாக்கினார். "தோ பாருங்க, ஒண்ணு அப்பவே மங்கலா இருக்கு. இன்னொண்ணு பழசா புதுசான்னு என்னால சொல்ல முடியல. மருந்து ஏத்தி எடுத்த படத்துல எதுவும் பளிச்சுன்னு தெரியல, அதனால இப்ப புது வீக்கம் இல்ல. அடுத்த வருஷம் இதே மிஷின்ல எடுத்துப் பார்ப்போம்."

உண்ணாமலைக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரெண்டு வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்து வயல்காரன் நிலத்தை அமுக்கிட்டான் என்று கத்துகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பதே, எதை யார் அளந்தது, எதை வைத்து அளந்தது என்பதுதான். தன் தலை என்று வந்ததும் அது தோன்றவே இல்லையே!

"அப்ப நான் வயலுக்குப் போலாமா மேடம்?"

"உங்க கால் என்ன சொல்லுது?"

இடது முழங்காலைத் தடவிக்கொண்டாள். "காலையில ஒம்பது மணி வரைக்கும் நிக்குது. அதுக்கப்புறம் கெஞ்சுது."

"அப்ப அதுவரைக்கும் போங்க."

வெளியே நாற்காலியில் இருந்த குமரேசன் எழுந்து நின்றான். என்ன ஏது என்று கேட்கவே அவனுக்குப் பயம்.

"அதுல ஒரு புள்ளி என்னன்னு அவங்களுக்கே தெரியலயாம்," என்றவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "தெரியற வரைக்கும் நான் சர்வேயர்தாங்க."