மாமனார் கேட்ட சாவி

மகளின் பள்ளிக்கூட வேலைக்காக எங்கள் பகுதியான அஜின்கோர்ட்டின் நூலகத்தில் எடுத்த புத்தகத்தில்தான் அந்த இளம் சுல்தானைக் கண்டேன். மகள் மூன்று பக்கத்தோடு விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

எகிப்தை மம்லூக்குகள் ஆண்ட காலம். பெரிய சுல்தான் இறந்ததும் இருபது வயதுகூட ஆகாத மகன் அரியணை ஏறினான். தன் வயதுப் பொடியன்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தகப்பனின் பழைய தளபதிகளைத் தூரத்துப் போருக்கு அனுப்பினான். அவர்கள் திரும்பி வந்து கோட்டையை வளைத்தார்கள். முன்னுக்கு நின்றவர் அவனுடைய சொந்த மாமனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

இந்தப் பனி நாட்டின் தமிழ்க் கடை வாசல்களில் அடுக்கியிருக்கும் இலவச வாரப் பத்திரிகைகளில் ஒன்று என் அப்பாவுடையது. அவர் மாரடைப்பில் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. செத்தவீடு முடிந்த கிழமையே அவருடைய கதிரையில் ஏறி இருந்தேன். அப்பாவோடு பத்திரிகையைத் தொடங்கிய மூன்று அண்ணைமாரின் மேசைகளை என் கூட்டாளிகளுக்குக் கொடுத்தேன். அந்த அண்ணைமாரைத் தூரத்துப் பிறம்ரனுக்கும் மிசிசாகாவுக்கும் பத்திரிகைக் கட்டுப் போட அனுப்பினேன். கொட்டும் பனியில், அறுபது வயதில். அது என் பிழைதான், மறைக்கவில்லை.

ஒரு வியாழன் கட்டுகள் ஒன்றும் போகவில்லை. மூவரும் அலுவலகத்துக்குள் வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் என் மாமனார், எங்கள் பத்திரிகைக்குக் கடை கடையாக விளம்பரம் சேர்த்தவர்.

“தம்பி, சாவியைத் தாங்கோ. தராட்டில் நாளைக்குக் கடைக்காரர் எல்லாரும் எங்களோடை வருவினம்.”

திரும்பிப் பார்த்தேன். கூட்டாளிகளைக் காணவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

சனம் கதைக்கக்கூடாது என்று முதலில் என் தம்பியைக் கதிரையில் இருத்தினார்கள். மூன்று மாதத்தில் அவன் படிக்கப் போனான், கதிரையில் மாமனார் ஏறி இருந்தார். சுல்தானின் மாமனார் செய்ததும் அச்சொட்டாக இதுதான். இந்த மனுசன் என்ன, இந்தப் புத்தகத்தை வாசித்துவிட்டா செய்தார்?

சுல்தானைத் தூரத்துக் கோட்டை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே குதிரையால் விழுந்து செத்தான். நான் பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். அந்த அண்ணைமார் போன அதே பாதைதான்.

புத்தகத்தில் ஒன்றை மட்டும் தேடினேன். அவன் தோற்று இறங்கிய அன்று அவன் மனைவி, அந்த மாமனாரின் மகள், என்ன சொன்னாள்? அது இல்லை.

என் மனைவி சொன்னது எனக்கு மனப்பாடம். சாவி கொடுத்த அன்று இரவு சோற்றைப் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“அப்பாவைக் கோவிக்காதேங்கோ. நான்தான் போய்ச் சாவியைக் கேக்கச் சொன்னனான். சாப்பிடுங்கோ.”