பதிவேட்டில் இருந்த எண்

தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பி மோதுகிற ஓசை. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பட்டறைகளில் நாள் முழுக்க அப்படி ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். நான் மட்டும் நடையை நிறுத்திவிடுவேன். எங்கள் அரசுப் பள்ளியின் மணியும் ஒரு தண்டவாளத் துண்டுதான். இரண்டாம் பீரியடுக்கு அது அடித்து ஓய்ந்த நிமிடத்தில்தான் நான் அந்த எண்ணை அழுத்தினேன்.

என் மகள் அங்கே பதினோராம் வகுப்பு. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்களில் ஒருத்தி. தொடர்ந்து வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. டீச்சர் பேசினால் மிரளுகிறவர்கள், இன்னொரு அம்மா பேசினால் வாய் திறப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அன்று வகுப்பு டீச்சர் பதிவேட்டைத் திருப்பி வைத்து ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். ஊருக்குப் போனவள் ஒன்பது நாளாகத் திரும்பவில்லை.

"கல்யாணம் பேசறாங்கன்னு பசங்க சொல்லிக்குதுங்க அக்கா. பதினாறுதான் ஆவுது."

மலையில் பல ஊர்களுக்கு சிக்னல் கிடையாது. அங்கிருந்து வந்து சேருகிற பிள்ளைகளுக்கு, தினமும் இறங்கி ஏறுகிற ஜீப்காரர் ஒருவரின் எண்ணைத்தான் எழுதித் தருவார்கள். காய்ச்சல், பரீட்சைத் தேதி, உதவித்தொகைப் படிவம், எல்லாம் அந்த ஒரு வாய் வழியாகத்தான் மலை ஏறும். எங்களுக்குப் பழகிப்போன வழி. பழகிப்போனதை யார் யோசிக்கிறார்கள்?

எடுத்தது இளவயதுக் குரல். அவனைத் தபால்பெட்டி என்று நினைத்துக்கொண்டு என் கடிதத்தைப் போட்டேன். "அவங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க. கல்யாண விஷயம் எங்களுக்குத் தெரியும். நாளைக்கி ஆபீசருங்களோட வூட்டுக்கே வரோம்."

பின்னால் எஞ்சின் உறுமியது.

"சொல்லிடறேங்க," என்று வைத்துவிட்டான்.

மதிய இடைவேளையில் மகளிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

"யாருக்கும்மா பேசின?"

"நம்பர்ல இருக்கற ஜீப்காரருக்குத்தான்டி."

"அவனுக்குத்தாம்மா அவள குடுக்கறாங்க."

"இத்தினி நாளா ஏன்டி சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா. நீயும்தான் என்ன கேக்கல."

நாளைக்கு. அந்த ஒரு சொல் எனக்குள் சுழன்றது. நாளைக்கு வருவோம் என்றால், இன்றைக்கே முடித்துவிடு என்று நானே நாள் குறித்துக் கொடுத்ததாகத்தானே ஆகும்? ஒரு மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சு விழ எவ்வளவு நேரம் ஆகும்? நான் பேசி முடித்த நேரம் கூட ஆகாது.

குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொன்னோம். வண்டி வேறொரு ஊருக்குப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். காத்திருக்க முடியவில்லை. தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு, டீச்சரும் நானும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். வடக்கனந்தல் வரை கரும்பும் மரவள்ளியும் அசையாமல் நின்றன. பிறகு ரோடு வளைந்து ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் எதிரே ஏதாவது ஒரு ஜீப். ஒவ்வொரு ஜீப்பிலும் பின்னால் பெண்கள். எல்லா முகத்திலும் அவள் முகத்தைத் தேடினேன்.

"இன்னா மேடம், மூஞ்சியெல்லாம் இப்டி வேர்க்குது?" என்றார் கண்டக்டர். "வாந்தி வந்தா ஜன்னல் பக்கம் போயிடுங்க. நேத்துதான் பஸ்ஸ கழுவுனோம்."

டீச்சர் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

வெள்ளிமலையில் இறங்கியதுமே பார்த்துவிட்டோம். டீக்கடைத் தட்டிக்குப் பின்னால், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள். தோளில் பள்ளிப் பை. கன்னத்தில் பூசிய மஞ்சளை அவசரமாகத் துடைத்திருந்தார்கள். காதோரம் இன்னும் கோடாக இருந்தது.

அந்த அம்மா தணிந்த குரலில் பேசினாள். "மதியமே வந்துட்டான் மேடம். இன்னிக்கே தாலின்றான். பொறுமையான புள்ளன்னு நெனச்சிதான் நானும் தலையாட்டினேன். அவன் அவசரத்த பாத்ததும் இது வேணாம்னு ஆயிப்போச்சி. இவங்கப்பனும் அவனும் மேளத்துக்கு ஆள் கூப்ட போனானுங்க. கொல்லப்பக்கமா இட்டுக்கினு வந்துட்டேன். நீங்க வராட்டியும் இந்த பஸ்ல ஏத்தி வுட்டிருப்பேன்."

போன் பேசியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தூரத்தில் ஒரு ஜீப் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. நால்வரும் தட்டியோடு ஒட்டி நின்றோம். பால் கேன்களோடு வேறொரு வண்டி கடந்து போனது. டீச்சரின் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது.

கண்டக்டர் பாதி டீயைக் கீழே ஊற்றினார். "பாப்பா, கடைசி சீட்டுல குனிஞ்சி ஒக்காரு. டிரைவரண்ணே, வண்டிய எடு. டீயெல்லாம் கீழ போய்க் குடிச்சிக்கலாம்."

அவள் ஏறினாள். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "நீயும் வந்துடும்மா. அவங்க வந்தா உன்ன சும்மா வுடுவாங்களா?"

"சின்னது வூட்ல இருக்குது மேடம். அதுக்குப் பதிமூணு."

நான் கையை விட்டேன். பஸ் நகர ஆரம்பித்தது. படியில் தொற்றிய என்னோடு நாலைந்து எட்டு வைத்து அந்த அம்மாவும் நடந்துகொண்டே வந்தாள்.

"பள்ளிக்கூடத்து நோட்டுல இருக்கற அவன் நம்பர மொதல்ல கோடு போட்டு அடிச்சிடுங்க."

"அடிச்சிடறேன். வேற இன்னா நம்பர்மா எழுதறது?"

"உங்க நம்பர எழுதிக்குங்க."