ரைகர்: நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் ஒரே சொல்

முதலில் நடுங்கியது பற்கள்தாம். என் கணவர் முத்து, மலேசிய மலையூரான ரிங்லெட்டுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் புதர் வெட்டுகிறவர். அன்று மதியமே வேலையை விட்டு வீட்டுக்கு வந்து இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொண்டார். கட்டில் ஆடியது. நடுக்கம் நின்றதும் உடம்பு கொதித்தது.

கிளினிக்கில் டெங்கி இல்லை என்று சொல்லி, காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். நடுக்கம் தினமும் வந்தது. ஒரு காலை அவர் என்னை அடையாளம் தெரியாமல் விழித்தார். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

அவசரப் பிரிவில் என்னைத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே டாக்டர் யாரிடமோ போனில் ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல். ரைகர்.

அதை முன்பே கேட்டிருக்கிறேன். என் அண்ணன் சரிவில் விழுந்து இறந்தபோது, உடலை மறுநாள்தான் கண்டெடுத்தோம். கைகளை நெஞ்சின்மேல் மடிக்க முடியவில்லை. ‘ரைகர் மோர்டிஸ்’ (இறந்த உடல் விறைத்துப்போவது) என்றார் பிணவறை ஊழியர்.

திரைக்குப் பின்னால் இப்போது சத்தமே இல்லை. அதை விலக்க என் கை எழவில்லை.

“டாக்டர், போயிட்டாரா?”

திரை விலகியது. டாக்டருக்கு என் தம்பி வயதிருக்கும். “யாரு சொன்னாங்க அக்கா? தூங்குறாரு. நெஞ்சைப் பாருங்க, ஏறி இறங்குது.”

“ரைகர்னு சொன்னீங்களே.”

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: “அது லத்தீன் வார்த்தைக்கா. விறைப்புன்னு அர்த்தம். குளிர்ல விறைக்கிறதையும் அப்படித்தான் சொன்னாங்க. அதான் காய்ச்சல்ல ஆளையே குலுக்குற நடுக்கத்தையும் நாங்க ரைகர்ங்கறோம். மோர்டிஸ்னா சாவோடது. அந்த ரெண்டாவது வார்த்தையை நான் சொல்லவே இல்லை.”

உள்ளே போய் முத்துவின் காலைத் தொட்டேன்.

“ஆனா ஆபத்து இன்னும் போகலை. என்ன வேலை செய்றாரு?”

“புதர் வெட்டுறாரு.”

அவர் உடனே முத்துவின் சட்டையைக் கழற்றச் சொன்னார். இருவருமாகப் புரட்டினோம். இடது அக்குளில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கரிய பொருக்கு. உண்ணிக் காய்ச்சல் (புதரில் வாழும் நுண்ணிய பூச்சி கடித்து வருவது) என்றார் டாக்டர். அதற்குரிய மருந்தை அப்போதே ஏற்றினார்கள்.

மாலையில் மறுபடி நடுக்கம் வந்தது. கட்டில் கம்பி கடகடத்தது. அது நின்றபோதுதான் எனக்கு அதிகம் பயம். அவர் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. கண் திறந்து, “தே-ஓ கிடைக்குமா லா?” என்றார். பாலில்லாத தேநீர் வாங்க ஓடியபோதுதான் அழுதேன்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு விடாத காய்ச்சல் என்றால், அவர் செய்யும் வேலையை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். காய்ச்சல்காரரின் கண்ணுக்கு எட்டாத தோல் மடிப்புகளில் கரிய பொருக்கு இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள்.

முத்து மறுபடி வேலைக்குப் போகிறார். மேடு ஏறும்போது மூச்சு வாங்கி நடுவில் நிற்கிறார். கூட நடக்கும் நானும் நிற்கிறேன். மாலையில் குளித்து வந்ததும் சன்னலருகே நிறுத்தி, அவர் தோலை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அவர் முதுகில் ஒரு மச்சம் இருப்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“போதும்லா, சோறு ஆறுது” என்பார்.

“ஆறட்டும்” என்பேன்.